நீல நூல் கட்டிய குழாய்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். என் பல்வலி ஒருவழியாகத் தொலைந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் நலமா?

ஒரு நல்ல செய்தி. திங்கட்கிழமை முதல் குளிர் அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது. எங்கள் ஆலையில் எட்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றும் மாடி வீட்டு உயரம். அதில் வளர்கிற ஈஸ்ட் அத்தனையும் விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் குழாய்கள் இருக்கிற அலமாரி அது. அதிலும் பதினேழாம் எண்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு போடுகிறது. சர்க்கரை தூக்கலான மாவில் மற்ற ஈஸ்ட்டுகள் சோர்ந்து படுத்துவிடும். பதினேழு மட்டும் சளைக்காமல் உப்ப வைக்கும். இனிப்பு பன் போடுகிற பேக்கரிகள் எங்களைத் தேடி வருவதே அதற்காகத்தான். அலமாரியிலிருந்து எது வெளியே போனாலும் என் வேலை போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சாவியைக் கொடுத்தவர் ஆய்வுக்கூடத் தலைவி. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பமாட்டார், அதனால் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறோம். "பத்து வருஷமா இதை நான் யாருக்கும் குடுத்ததில்ல. உன்னை நம்பிக் குடுக்கறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் குழாய்களின் பஞ்சு மூடியில் நீல நூல் கட்டுகிறேன். படிக்கும்போது விடுதியில் என் துணி மற்றவர்கள் துணியோடு கலந்துவிடாமல் இருக்க நீ கட்டிக்கொடுத்தாயே, அதே இரட்டை முடிச்சு. இங்கே பக்கத்து அறை அம்மா, நான் கிருமி வளர்க்கிறவள் என்று தன் துணியை என் கொடியில் காயப்போடுவதில்லை. எனக்கும் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

இதையெல்லாம் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன்
வாலு


ஜனவரி 21

அன்புள்ள வாலுக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் சமதரையில் சும்மா இருக்கிறது, படியைக் கண்டால்தான் முனகுகிறது. பல்லை ஒழுங்காகத் தேய்.

வீட்டுச் சாவியை மூன்று தடவை தொலைத்தவளிடம் ஒரு ஆலையின் சாவி. ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள்.

இங்கே நிலைமை சரியில்லை. அத்தான் வேலை பார்த்த பிஸ்கட் ஆலையை மூடிவிட்டார்கள். நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை வாங்கிப் படித்தார்.

இந்த வருடம் எனக்கு எட்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். நுண்ணுயிர் பாடம். முதல் பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள், படுசுட்டி, உன்னைப்போலவே. "டீச்சர், ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒண்ணுதானே? ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாதே" என்று கேட்டாள். நான் ஏதோ மழுப்பிவிட்டேன். நீ விவரமாக எழுது. உன் வேலை முறையையும் சேர்த்து எழுது, பிள்ளைகளுக்குச் சுவையாக இருக்கும்.

உன்
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அவர் கைக்கு வேலை கிடைக்காமல் போகாது என்று சொல்.

உன் முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு என் பாராட்டு. கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் ஒரே சாதி என்றுதான் ஊரே நினைக்கிறது. ஈஸ்ட் ஒரு பூஞ்சை. சுவரில் படர்கிற பூஞ்சணத்துக்கும் மழைக்குப் பின் முளைக்கிற காளானுக்கும் உறவு. அவர்கள் கூட்டுக்குடும்பமாக ஆயிரக்கணக்கான செல்களைச் சேர்த்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஈஸ்ட் தனிக்குடித்தனம், ஒரே ஒரு செல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாக்டீரியா கடுகு, ஈஸ்ட் பட்டாணி. பாக்டீரியாவுக்குள்ளே எல்லாம் ஒரே கூடத்தில் கிடக்கும். ஈஸ்ட் வீட்டில் அறைகள் உண்டு. உட்கரு ஒரு அறையில், மூச்சு விடுவதற்கான உறுப்புகள் தனியாக. நம் உடம்புச் செல்லும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. வைரஸ் என்று ஒருவன் இருக்கிறான், அவனுக்குச் சொந்த வீடே கிடையாது, அடுத்தவன் செல்லுக்குள் புகுந்தால்தான் பிழைப்பு.

வளர்ப்புத் தட்டில் பாக்டீரியா வராமல் இருக்க ஆன்டிபயாடிக் கலந்துவிடுவேன். பாக்டீரியா செத்துப்போகும், ஈஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. அந்த மருந்து பாக்டீரியாவிடம் மட்டும் இருக்கிற உறுப்புகளைத்தான் தாக்கும். ஆனால் உடம்புக்குள் பூஞ்சை நோய் வந்தால் டாக்டர்களுக்குத் தலைவலி. அது நமக்கு நெருங்கிய சொந்தம். அதைக் கொல்லும் மருந்து நம்மையும் கொஞ்சம் பதம் பார்த்துவிடும்.

எனக்குப் பிடித்த வித்தியாசம் இதுதான். பாக்டீரியா சரிபாதியாகப் பிளந்துவிடும். பிறகு எது தாய், எது பிள்ளை என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் ஈஸ்ட் மொட்டு விடும். தாயின் ஓரத்தில் சின்னதாக ஒரு மொட்டு முளைத்து, வளர்ந்து, பிரிந்து போகும். பிரிந்த இடத்தில் தாய்க்கு ஒரு தழும்பு விழும். தழும்பை எண்ணி எத்தனை பிள்ளை பெற்றாள் என்று சொல்லிவிடலாம். இருபது, இருபத்தைந்து ஆனதும் அவள் ஓய்ந்துவிடுவாள். அதை முதல்முதலில் பார்த்த அன்று எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. உனக்கே பத்தொன்பதுதான்.

வேலை முறை கேட்டாயே. நல்ல காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரைப்பாகும் கொடுத்தால் ஈஸ்ட் மூச்சு விட்டுப் பெருகும். காற்று இல்லாவிட்டால் பெருகாது, சர்க்கரையைச் சாராயமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சில செல்களுக்குப் பிறவியிலேயே மூச்சு உறுப்பு கெட்டிருக்கும். எவ்வளவு காற்று கொடுத்தாலும் அவற்றுக்கு மூச்சு விடத் தெரியாது. தட்டில் மற்றவை பொட்டு அளவு வளர்ந்தால் இவை குண்டூசித் தலை அளவோடு நின்றுவிடும். குட்டை என்போம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரியாது. குட்டைகளைப் பொறுக்கி வேகவைத்துக் கொட்டுவது என் வாராந்தர வேலை.

கை வலிக்கிறது. மீதி அப்புறம்.

உன்
வாலு


பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே நலம். கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன் பார்.

பாடம் பிரமாதமாகப் போனது. முதல் பெஞ்சுப் பெண் மேலும் கேட்கிறாள். சர்க்கரைப்பாகை மணிக்கு எவ்வளவு விட வேண்டும்? தொட்டிக்குள் எத்தனை டிகிரி சூடு? காற்று முதல் மணியிலிருந்தே முழுதாகவா, படிப்படியாகவா? பதினேழுக்குத் தனியாக ஏதாவது தீனி உண்டா?

பிள்ளைகள் தாங்களே பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார்கள். பதினேழில் ஒரு குழாய் அனுப்பேன். அவர்கள் தின்கிற பன்னை உப்ப வைக்கிறது அதுதான் என்று சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள். பஞ்சில் சுற்றி அனுப்பினால் உடையாது.

அத்தான் உன்னை மிகவும் விசாரித்தார்.

உன்
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். எப்படி எழுதுவது என்று மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் முதல் பெஞ்சுப் பெண் எட்டாம் வகுப்பை முடித்ததும் நேரே எங்கள் ஆலைக்கு மேலாளராக வரலாம். அப்படிக் கேள்வி கேட்கிறாள். தீனி, சூடு எல்லாம் பொதுவான புத்தகங்களிலேயே இருக்கும், அங்கே பார்த்துச் சொல்.

குழாய் மட்டும் முடியாது, அக்கா. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எடுத்தது தெரிந்தால் சாவியும் போகும், வேலையும் போகும், வேறு ஆலையில் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. எனக்கு இருப்பது இந்த ஒரு வேலைதான். விடுமுறையில் பிள்ளைகளை இங்கே கூட்டி வா. நானே மைக்ரோஸ்கோப்பில் காட்டுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே.

உன்
வாலு


மார்ச் 6

வாலுக்கு,

ஆசிகள். எல்லோரும் நலம்.

கேட்டது என் தப்பு. இருபத்து நாலு பிள்ளைகளிடம் "என் தங்கச்சி அனுப்புவா" என்று வாய்விட்டுவிட்டேன். பரவாயில்லை, ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

நேற்று பெட்டியை ஒழித்தபோது உன் விடுதி நாட்களின் பாவாடை ஒன்று கிடைத்தது. ஓரத்தில் நீல நூல் அப்படியே இருக்கிறது. உன் படிப்பு முடியட்டும் என்று இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பினேன். அதை நான் என்றைக்காவது சொல்லிக்காட்டியிருக்கிறேனா? இன்றைக்கும் சொல்லிக்காட்டவில்லை. பாவாடையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ "உன் அக்கா" என்று எழுதாமல் வெறும் "அக்கா" என்று முடித்திருந்தாய். அதைப் பார்த்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

இதோடு ஒரு குழாய் அனுப்பியிருக்கிறேன். பதினேழின் குடும்பம் என்று பிள்ளைகளிடம் சொல், அது பொய்யில்லை. குளிரில் வை. ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து மூன்று மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், மொட்டுகள் அழகாகத் தெரியும். பார்த்து முடித்ததும் கொதிநீரில் போட்டுவிடு. பள்ளியைத் தவிர வேறு எங்கும் போகக் கூடாது. எதை அனுப்பினாலும் எனக்கு ஆபத்துதான், உனக்காக அனுப்புகிறேன்.

முதல் பெஞ்சுப் பெண்ணை மொட்டு விடும் செல்லை வரையச் சொல். அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. என் மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்கிறேன்.

உன்
வாலு


ஏப்ரல் 4

அன்புள்ள என் செல்ல வாலுக்கு,

அக்காவின் அன்பான ஆசிகள். குழாய் பத்திரமாக வந்தது. பிள்ளைகளுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அத்தானுக்கு ஒரு கம்பெனியில் நல்ல இடம் கிடைத்துவிட்டது. காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார். வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

உன்
அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஏப்ரலிலும் மே மாதத்திலும் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. படமும் வரவில்லை. விடுமுறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உடனே எழுது. நான் அனுப்பிய குழாய் இப்போது எங்கே இருக்கிறது? கொதிநீரில் போட்டுவிட்டாயா? பள்ளியில் யாராவது எடுத்துக்கொண்டு போனார்களா? எதுவாக இருந்தாலும் எழுது. தொலைந்துபோயிருந்தால் தொலைந்தது என்றே எழுது, நான் கோபப்பட மாட்டேன். அத்தான் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று நீ சொல்லவே இல்லையே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
வாலு


ஜூலை 7

அன்புள்ள வாலுக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். எதற்கு இவ்வளவு பதற்றம்? குழாய் பள்ளி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதைப் பார்த்துப் படமெல்லாம் வரைந்தார்கள், தேடி எடுத்து அனுப்புகிறேன். இங்கே நல்ல வெயில். தண்ணீர் நிறையக் குடி.

ஜூலை 9

முந்தாநாள் எழுதியதை அஞ்சலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இன்றைக்கு மனசு ஆறவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

நீ இப்படிச் செய்வாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. உன் அத்தான் புது ஈஸ்ட் ஆலையில் சேர்ந்ததே அந்தக் குழாயை நம்பித்தான். முதலாளியிடம் "பதினேழு என்கிட்ட இருக்கு" என்று அடித்துச் சொல்லியிருந்தார். நீ எழுதியபடியே காற்று, நீ எழுதியபடியே சர்க்கரைப்பாகு. மூன்று தடவை முயன்றார்கள். பெருகவே இல்லை. தொட்டி முழுக்கச் சாராய நாற்றம். எல்லோர் முன்னாலும் அவரை ஏமாற்றுக்காரன் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்.

என்ன அனுப்பினாய் நீ? வளர்த்த கைக்கா சொத்தையைக் கொடுப்பது? கேட்டால் கொடுக்கப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாமே. கூடப்பிறந்தவளே கழுத்தறுத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா


ஜூலை 16

அக்காவுக்கு,

குழாய் பள்ளி அலமாரியில் இல்லை. ஜூன் ஐந்தாம் தேதியிலிருந்து அது எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

அத்தானின் முதலாளி, இதில் என்ன கோளாறு என்று பார்க்க அதை ஒரு சோதனைச் சாலைக்குக் கொடுத்திருக்கிறார். அங்கே இருப்பவர் பூதக்கண்ணாடியிடம் வேலை பழகியவர். பஞ்சு மூடியில் இருந்த நீல நூலை இங்கே வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். குழாயோடு நேரே வந்துவிட்டார். பூதக்கண்ணாடி அதை என் மேசையில் வைத்தார்.

"இது யார் போட்ட முடிச்சு?"

"என்னோடது."

"யாருக்குக் குடுத்தே?"

"எங்க அக்கா பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளைங்க பாக்கறதுக்கு."

"ஓகோ. உங்க அக்கா பள்ளிக்கூடத்துல எத்தனை தொட்டி இருக்கு?"

உனக்காக வாதாடினேன். பள்ளியிலிருந்து யாரோ திருடியிருக்கிறார்கள், எங்க அக்காவுக்கு இது தெரியவே தெரியாது என்று அடித்துப் பேசினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அக்காவுக்கு எழுதிக் கேளு. பதில் வரட்டும்" என்றார். அதற்குத்தான் ஜூன் எட்டாம் தேதி எழுதினேன். ஒரு மாதம் தினமும் தபால்காரரை வழிமறித்தேன்.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தை ஆலையின் மாடிப்படியில் நின்று படித்தேன். அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். பாவம் அக்கா, திருட்டுப் போனது தெரியாமல், அலமாரியைத் திறந்துகூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அதைப் பூதக்கண்ணாடியிடம் காட்ட நாலு படி ஏறிவிட்டேன். பிறகுதான் பக்கத்தைத் திருப்பினேன்.

என்ன அனுப்பினாய் என்று கேட்டாய் அல்லவா? குட்டை அனுப்பினேன். பதினேழில் பிறந்து, மூச்சு விடத் தெரியாமல் போன குட்டை. அன்றைக்கு வேகவைத்துக் கொட்ட வேண்டிய தட்டிலிருந்து எடுத்தேன். மொட்டு பார்க்கப் பிள்ளைகளுக்கு அது போதும். அலமாரியைத் திறந்து கையெழுத்தை மீற எனக்கு மனம் வரவில்லை. சந்தேகப்பட்டு அனுப்பவில்லை, அக்கா. சந்தேகப்பட்டிருந்தால் ஒன்றுமே அனுப்பியிருக்க மாட்டேன். அதைத் தொட்டியில் போடப்போகிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? குட்டை என்றால் என்ன என்று பிப்ரவரியிலேயே எழுதியிருந்தேன். தீனிக் கணக்குத் தேடிய அவசரத்தில் அந்த வரிகளை இரண்டு பேரும் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

குட்டையாக இருந்ததால் என் வேலை தப்பியது. சாவி தப்பவில்லை. பூதக்கண்ணாடி கேட்கும் முன்பே எடுத்து நீட்டினேன், என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். இப்போது பொட்டலப் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். ஆய்வுக்கூடத்துப் பக்கம் போக அனுமதி இல்லை. எனக்கு வலிப்பது அதுகூட இல்லை. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். எந்த வரி நீ எழுதியது, எந்த வரி அத்தான் சொல்லி எழுதியது என்று இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாவாடையாவது பெட்டியில் கிடைத்ததா?

ஈஸ்ட்டில் தாய்க்குத் தழும்பு விழும் என்று எழுதினேன். பிரிந்துபோகிற பிள்ளைக்கும் ஒரு தழும்பு உண்டு, பிறந்த இடத்தில். அன்றைக்கு அதை எழுத மறந்துவிட்டேன்.

இதோடு ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். கடையில் யாருக்கும் கிடைக்கிற ஈஸ்ட், எவரும் பூட்டி வைக்காதது. காய்ந்த மணலைப்போல இருக்கும், ஆனால் உயிரோடுதான் இருக்கிறது. வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் எழுந்துவிடும். இருபத்து நாலு பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்ததாக எழுதினாய். இதையாவது அவர்களுக்குக் காட்டு.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. மற்ற எதற்கும் வேண்டாம். முதல் பெஞ்சில் அந்தப் பெண் இருக்கிறாளா, இல்லையா?

உன் தங்கை


அக்டோபர் 3

அன்புள்ள வாலுக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே நானும் அத்தானும் நலம். உன் பல் எப்படி இருக்கிறது? குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. என் முழங்காலுக்குப் புதுத் தைலம் ஒன்று வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

அத்தானுக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. பழையதை எல்லாம் மறந்துவிட்டார். நீயும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. குடும்பம் என்றால் நாலும்தான் இருக்கும்.

முன்னறை ஜன்னலுக்குத் திரை மாற்றினேன். பள்ளியில் எப்போதும்போல வேலை. இந்த வருடமும் எனக்கு ஆறாம் வகுப்புதான், இதோடு தொடர்ந்து நாலாவது வருடம். எத்தனை தடவை கேட்டும் மாற்ற மாட்டேன் என்கிறார்கள்.

நீ அனுப்பிய பாக்கெட் வந்தது. தேதி முடிந்து வீணாகப் போகிறதே என்று போன ஞாயிற்றுக்கிழமை இனிப்பு பன் செய்தேன். நன்றாக உப்பி வந்தது. அத்தான் மூன்று சாப்பிட்டார்.

என்றும் உன்
அக்கா